ஜார்ஜியா இடைக்காலத் தேர்தல்: கெம்புக்கு விழுந்த ஓட்டு வாக்கருக்கு ஏன் விழவில்லை? 2026க்கு அதில் பாடம் உண்டா?

#1 பாலா_ஜான்ஸ்கிரீக்

2026 நவம்பர் 3 அன்று ஜார்ஜியாவில் இடைக்காலத் தேர்தல். மே 19 பிரைமரி, அதாவது கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல். கெம்ப் இரண்டு முறை கவர்னராக இருந்துவிட்டதால் மூன்றாவது முறை நிற்க முடியாது, அந்த நாற்காலி காலியாகிறது. செனட்டில் ஜனநாயகக் கட்சியின் ஜான் ஆசாஃபின் ஆறு வருடம் முடிகிறது. எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஏற்கெனவே “மாநிலம் சிவப்பா (குடியரசுக் கட்சி), நீலமா (ஜனநாயகக் கட்சி)?” என்று வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

2022 இடைக்காலத் தேர்தலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். அந்த எண்களை இங்கே வைக்கிறேன்.

ஒரே நாள், ஒரே வாக்குச்சீட்டு. கவர்னர் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் பிரையன் கெம்ப் வாங்கியது 21 லட்சத்து 11 ஆயிரம் ஓட்டு. அதே கட்சியில் செனட்டுக்கு நின்ற ஹெர்ஷல் வாக்கர் வாங்கியது 19 லட்சத்து 8 ஆயிரம். இரண்டு லட்சம் பேர் கெம்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு வாக்கரைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். மறுபக்கம் ஜனநாயகக் கட்சியில் கவர்னருக்கு நின்ற ஸ்டேசி ஏப்ரம்ஸ் 18 லட்சத்து 13 ஆயிரம், செனட்டுக்கு நின்ற ரஃபேல் வார்னாக் 19 லட்சத்து 46 ஆயிரம். ஏப்ரம்ஸை விட வார்னாக்குக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல் அதிகம்.

கெம்ப் கிட்டத்தட்ட 3 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே வாக்காளர்களிடம் வாக்கர் 37 ஆயிரம் ஓட்டு பின்தங்கினார். வார்னாக்குக்கும் 50 சதவீதம் கிடைக்கவில்லை, 49.4 தான். லிபர்டேரியன் என்ற சிறிய மூன்றாவது கட்சியின் வேட்பாளர் சேஸ் ஆலிவர் 81 ஆயிரம் ஓட்டை எடுத்துக்கொண்டார். ஜார்ஜியாவில் ஜெயிக்க 50 சதவீதத்துக்கு மேல் வேண்டும். அதனால் டிசம்பர் 6 அன்று முதல் இருவருக்கும் இடையே ரன்ஆஃப் என்ற இரண்டாம் சுற்று. அதில் வார்னாக் 51.4, வாக்கர் 48.6.

மாநிலம் முழுக்க நடந்த போட்டிகளில் அந்த வருடம் ஜனநாயகக் கட்சி ஜெயித்தது இந்த ஒன்றே ஒன்றுதான். துணை கவர்னர், மாநிலச் செயலாளர் (தேர்தல் நிர்வாகத்தைக் கவனிப்பவர்), அட்டர்னி ஜெனரல் எல்லாம் குடியரசுக் கட்சிக்குப் போயின. எனவே கட்சி அலை என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. ஜார்ஜியா வாக்காளர் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் படித்து ஓட்டுப் போட்டார் என்பது என் முடிவு. 2026ஐப் பற்றிப் பேசும்போதும் கட்சியை ஓரமாக வைத்துவிட்டு வேட்பாளரில் இருந்து தொடங்க வேண்டும். உங்கள் கருத்து?

#2 அரூர் செல்வம்

பாலா சார், நான் தருமபுரி மாவட்டத்துக்காரன். அமெரிக்கத் தேர்தலைச் செய்தியில் மட்டும் பார்ப்பவன். ஒரே நாளில் ஒரே ஆள் இரண்டு கட்சிக்குப் போடுவது எங்களுக்குப் புதிது இல்லை. 2019 ஏப்ரல் 18 அன்று எங்கள் வாக்குச்சாவடியில் எம்.பி.க்கு ஒரு மெஷின், எம்.எல்.ஏ. இடைத்தேர்தலுக்கு இன்னொரு மெஷின் இருந்தன. எம்.பி.யாக வந்தவர் திமுகவின் செந்தில்குமார். அதே நாளில் அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் எம்.எல்.ஏ.வாக அதிமுகக்காரர்கள் ஜெயித்தார்கள். மாநிலம் முழுக்கவும் அப்படித்தான் இருந்தது. மக்களவையைத் திமுக கூட்டணி வாரிக்கொண்டு போனது, 22 இடைத்தேர்தல்களில் 9 இடம் அதிமுகவுக்குக் கிடைத்தது, எடப்பாடி ஆட்சி தப்பித்தது.

என் சந்தேகம் வேறு. அதிகம் வாங்கியவர் ஜெயித்தார் என்று விட்டுவிடாமல் 50 சதவீதம் வேண்டும் என்று ஏன் வைத்திருக்கிறார்கள்? நம் ஊரில் 35 சதவீதம் வாங்கினாலே எம்.எல்.ஏ. ஆகிவிடலாமே.

#3 முத்து_சவானா

நான் கெம்புக்குப் போட்டவன். செனட்டுக்கு ஆலிவருக்குப் போட்டேன். பாலா சொல்கிற அந்த இரண்டு லட்சத்தில் நானும் ஒருவன், அதனால் உள்ளே இருந்தே சொல்கிறேன்.

சவானா துறைமுகத்தை ஒட்டிய சரக்குப் போக்குவரத்துத் தொழில் எனக்கு. 2022 மார்ச்சில் டீசல் விலை கழுத்தைப் பிடித்தபோது கெம்ப் மாநில எரிபொருள் வரியை நிறுத்தி வைத்தார். பெட்ரோலுக்கு கேலனுக்கு 29.1 சென்ட். அந்த நிறுத்தத்தை மாதாமாதம் நீட்டித்து அடுத்த ஜனவரி வரை கொண்டுபோனார். மே மாதம் பிரையன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) ஹூண்டாய் ஆலை அறிவிப்பு வந்தது. 550 கோடி டாலர் முதலீடு, 8,100 வேலை. எங்கள் பக்கத்தில் கிடங்கு வாடகை, லாரி டிரைவர் சம்பளம் எல்லாமே அந்த அறிவிப்போடு மாறிவிட்டன. இதெல்லாம் கண்ணால் பார்த்த விஷயம், விளம்பரம் இல்லை.

இன்னொன்று, 2020 தேர்தல் முடிவை மாற்றச் சொல்லி டிரம்ப் கொடுத்த அழுத்தத்துக்கு கெம்ப் மசியவில்லை. கட்சியில் அவருக்கு எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். முதுகெலும்பு உள்ளவர் என்ற மரியாதை, அவருக்கு ஓட்டே போடாத வீடுகளிலும் இருந்தது.

வாக்கரை எனக்குப் பிடிக்காமல் இல்லை. 1980ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்கக் கால்பந்தில் தேசிய சாம்பியன்ஷிப் வாங்கித் தந்த அணியின் நாயகன், 1982ல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை. இந்த மாநிலத்தில் அவர் பெயருக்கு இருக்கும் பாசம் வெளியூர்க்காரருக்குப் புரியாது. ஆனால் செனட்டராக என்ன செய்வார் என்று கேட்டால் ஒரு பதிலைக்கூட முழுதாகச் சொல்லவில்லை. சவானாவில் அக்டோபர் 14 அன்று நடந்த விவாதத்தில் குற்றத் தடுப்பு பற்றிய பேச்சுக்கு நடுவே பாக்கெட்டில் இருந்து ஷெரிஃப் பேட்ஜ் ஒன்றை எடுத்துக் காட்டினார். நெறியாளரே அது கூடாது என்று நிறுத்தினார். என் ஓட்டு அங்கேயே போய்விட்டது.

டிசம்பர் ரன்ஆஃபுக்கு நான் போகவில்லை. ஆலிவர் அதில் இல்லை, மற்ற இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க மனம் வரவில்லை.

#4 வசந்தி ர.

தம்பி முத்து, நீங்கள் போகாதது மாதிரி நிறையப் பேர் போகவில்லை. நவம்பருக்கும் டிசம்பருக்கும் இடையே வாக்கர் 1 லட்சத்து 87 ஆயிரம் ஓட்டை இழந்தார், வார்னாக் 1 லட்சத்து 25 ஆயிரம். தோல்வி வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு லட்சமாகப் பெருகியதில் வராமல் போனவர்களுக்கும் பங்கு உண்டு.

நான் குவினெட் கவுண்டியில் வாக்குச்சாவடிப் பணியாளர். 2022ல் தேர்தலுக்குப் பின் நடந்த தணிக்கையிலும் வேலை செய்தேன். அதில் பார்த்ததைச் சொல்கிறேன், பாலா சொன்னது என்னவென்று கண்முன் தெரியும்.

செல்வம் போன்றவர்களுக்காக முதலில் முறை. வாக்காளர் அடையாள அட்டையைக் காட்டினால் ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுப்போம். அதைத் தொடுதிரையில் செருகி, ஒவ்வொரு பதவிக்கும் ஆளைத் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். முடித்ததும் ஒரு தாள் அச்சாகி வரும். அதில் ஒரு கட்டக்குறி (QR), அதற்குக் கீழே எந்தப் பதவிக்கு யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்று எழுத்திலேயே இருக்கும். படித்துப் பார்த்துவிட்டு ஸ்கேனரில் விட வேண்டும், தாள் பெட்டிக்குள் விழும். வெளியே வரும்போது பீச் பழப் படம் போட்ட ஸ்டிக்கர் கிடைக்கும்.

தணிக்கையில் அந்தத் தாள்களைக் கட்டுக்கட்டாக எடுத்து இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து கையால் எண்ணுவோம். 2022ல் தணிக்கைக்கு எடுத்தது மாநிலச் செயலாளர் போட்டி. ஒருவர் படிக்க வேண்டும், மற்றவர் சரிபார்க்க வேண்டும், பிறகு பெயர்வாரியாக அடுக்க வேண்டும். நாங்கள் எண்ணியது அந்த ஒரு வரியை மட்டும்தான். ஆனாலும் தாளைக் கையில் எடுக்கும்போது மேல் வரிகள் கண்ணில் படாமல் இருக்காது. செனட் வார்னாக், கவர்னர் கெம்ப், மாநிலச் செயலாளர் ராஃபென்ஸ்பெர்கர் என்று அச்சடித்த தாள்கள் வந்துகொண்டே இருந்தன. செனட் வரியில் மட்டும் யாரையும் தேர்ந்தெடுக்காமல், மற்ற எல்லாவற்றையும் நிரப்பிய தாள்களும் இருந்தன. கடைசியில் வரும் மரம் வெட்டும் இயந்திர வரிவிலக்குக் கேள்விக்குக்கூடப் பதில் சொல்லிவிட்டு, செனட்டை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். அவசரத்தில் விட்டதில்லை அது, யோசித்து விட்டது.

#5 இளங்கோ_மேக்கன்

செல்வம் கேட்ட 50 சதவீதக் கேள்விக்கு வருகிறேன். இது இந்த மாநிலத்தின் பழைய காயம்.

1960கள் வரை ஜார்ஜியாவில் பிரைமரிக்கு ‘கவுண்டி யூனிட்’ முறை இருந்தது. ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற கணக்கே கிடையாது. ஒவ்வொரு கவுண்டிக்கும் இத்தனை யூனிட் என்று ஒதுக்கி, அட்லாண்டா இருக்கும் ஃபுல்டன் கவுண்டிக்கு 6, சின்னஞ்சிறு கிராமக் கவுண்டிக்கு 2. மூன்று குட்டிக் கவுண்டிகள் சேர்ந்தால் அட்லாண்டாவுக்குச் சமம். நகரத்தில் வாழ்ந்த கறுப்பினத்தவர் ஓட்டுக்கு மதிப்பில்லாமல் போனது. 1963ல் உச்ச நீதிமன்றம் ‘கிரே எதிர் சாண்டர்ஸ்’ வழக்கில் இதைச் செல்லாது என்றது.

உடனே அடுத்த ஏற்பாடு வந்தது. எங்கள் மேக்கனைச் சேர்ந்த டென்மார்க் குரூவர் என்ற சட்டமன்ற உறுப்பினர், ஜெயிப்பவருக்குப் பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும் என்ற விதிக்காகப் பாடுபட்டார். 1958ல் கறுப்பின வாக்காளர்கள் எதிராளிக்குப் போட்டதால் தோற்றவர் அவர். வெள்ளையர் ஓட்டு நாலைந்து பேரிடம் பிரிந்து, கறுப்பின வேட்பாளர் முதலிடம் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அந்த விதிக்குப் பின்னால் இருந்தது. இரண்டாம் சுற்று வைத்தால் வெள்ளையர் ஓட்டு ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். 1964ல் சட்டமானது.

பிறகும் அவரவர் வசதிக்கு மாற்றிக்கொண்டார்கள். 1992ல் ஜனநாயகக் கட்சியின் வைச் ஃபவுலர் நவம்பரில் முதலிடம் வந்தும் ரன்ஆஃபில் தோற்றார். அந்தக் கட்சி 45 சதவீதம் போதும் என்று விதியைத் தளர்த்தியது. 2005ல் குடியரசுக் கட்சி மறுபடி 50 ஆக்கியது. அதன் பலனை அதே கட்சி 2021 ஜனவரியில் அனுபவித்தது. நவம்பரில் 49.7 வாங்கி முதலிடத்தில் நின்ற டேவிட் பெர்டூ, ரன்ஆஃபில் ஆசாஃபிடம் தோற்றார்.

வார்னாக் எபனேசர் பாப்டிஸ்ட் சர்ச்சின் மூத்த போதகர், மார்ட்டின் லூதர் கிங் போதித்த அதே பீடம். கறுப்பினத்தவரைத் தடுக்க வந்த விதியின் வழியாகவே இரண்டு முறை செனட்டுக்குப் போனார். இதை நினைத்து மனம் நிறைந்தாலும் விதி நல்லதாகிவிடாது. நான்கு வாரத்தில் இன்னொரு மாநிலத் தேர்தல், கோடிக்கணக்கில் செலவு, வேலையை விட்டுவிட்டு மறுபடி வரிசை. வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்திப் போடும் தரவரிசை ஓட்டு முறை வைத்தால் ஒரே நாளில் முடியும். ரன்ஆஃபை எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

#6 நிலா_டிகேட்டர்

இளங்கோ அண்ணா எழுதியதோடு 2021ல் வந்த தேர்தல் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் ரன்ஆஃபுக்கு ஒன்பது வார இடைவெளி, சட்டத்துக்குப் பின் நான்கு வாரம். ஒன்பது வாரம் இருந்தபோது இடையில் 18 வயது ஆனவர்கள், புதிதாக வந்தவர்கள் பதிவு செய்துகொள்ள முடிந்தது. 2022ல் ரன்ஆஃபுக்கான பதிவுக் கெடு நவம்பர் தேர்தலுக்கு முந்தைய நாளே முடிந்துவிட்டது. ரன்ஆஃப் வருமா என்றே தெரியாத நேரத்தில் அதற்கான கதவு மூடியாகிவிட்டது.

சனிக்கிழமை விவகாரம் இன்னும் வருத்தம். நன்றி நவிலல் வாரத்தின் சனிக்கிழமை முன்கூட்டி வாக்களிக்க முடியாது, விடுமுறையை ஒட்டி வருகிறது என்று மாநில அலுவலகம் சொன்னது. வார்னாக் தரப்பு வழக்குப் போட்டு ஜெயித்த பிறகுதான் விரும்பிய கவுண்டிகள் அன்று திறந்தன. வார நாளில் விடுப்புக் கிடைக்காதவர்களுக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு பெரிய விஷயம்! அடுத்த திங்கட்கிழமை ஒரே நாளில் 3 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வாக்களித்தார்கள். டிகேட்டரில் வரிசை கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. என் தோழி கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

ஏப்ரம்ஸைப் பற்றி இங்கே யாரும் நல்லதாக ஒரு வார்த்தை எழுதவில்லை, அது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவர் 2018ல் தோற்றது 55 ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில். அதற்கு முன்பிருந்தே வீடு வீடாகப் போய் வாக்காளரைப் பதிவு செய்யும் வேலையைக் கட்டி எழுப்பியவர். 2020ல் பைடன் 11,779 ஓட்டில் இந்த மாநிலத்தை ஜெயித்ததற்கும், வார்னாக்கும் ஆசாஃபும் வந்ததற்கும் அடியில் அந்த உழைப்பு இருக்கிறது. 2022ல் அவரே தோற்றார். ஆனால் அவர் பதிவு செய்த ஆட்கள்தான் வார்னாக்கைக் கரை சேர்த்தார்கள்.

கருக்கலைப்புச் சட்டத்தையும் மறக்க வேண்டாம். சுமார் ஆறு வாரக் கர்ப்பத்துக்குப் பிறகு கருக்கலைப்பைத் தடுக்கும், கெம்ப் 2019ல் கையெழுத்திட்ட சட்டம் 2022 ஜூலையில் அமலுக்கு வந்தது. பெண்களுக்கு அது செய்தித்தாள் விஷயம் இல்லை, சொந்த உடம்பு.

#7 முத்து_சவானா

நிலா, ஏப்ரம்ஸின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன கருக்கலைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டவரே ஏழரை சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே விஷயத்தில் வாக்கர் அடிவாங்கினார். கருக்கலைப்பை முழுதாக எதிர்ப்பதாகச் சொன்னவர் முன்பு தன் கருக்கலைப்புக்குப் பணம் கொடுத்ததாக ஒரு பெண் சொன்னார், வாக்கர் மறுத்தார். வாக்காளர் எடை போட்டது கொள்கையை மட்டும் இல்லை, சொல்லுகிற ஆளையும்தான்.

2018ல் ஏப்ரம்ஸ் எதிர்கொண்டது காலியான நாற்காலி. 2022ல் எதிர்கொண்டது நான்கு வருடம் ஆட்சி செய்த கவர்னர். வரித் தள்ளுபடிக் காசோலை, ஆசிரியர் சம்பள உயர்வு எல்லாம் கையில் வைத்திருந்தவர். அந்த இடத்தில் யார் நின்றாலும் கஷ்டம்தான்.

ரன்ஆஃபில் கெம்ப் தன் பிரசார அமைப்பையே வாக்கருக்காகக் கொடுத்தார், கூட நின்று பேசவும் செய்தார். அப்படியும் ஓட்டு மாறவில்லை. ஒருவர் சம்பாதித்த நம்பிக்கையை இன்னொருவருக்குக் கைமாற்றிக் கொடுக்க முடியாது.

#8 பாலா_ஜான்ஸ்கிரீக்

முத்து சொன்னதில் இருந்து பிரைமரிக்குப் போகலாம். 2022 கதையின் வேர் மே 24ல் இருக்கிறது.

அன்று டிரம்ப் ஆதரவோடு கெம்பை எதிர்த்து நின்றவர் பெர்டூ. கெம்ப் 73 சதவீதத்துக்கும் மேல் வாங்கினார், பெர்டூ 22ஐத் தொடவில்லை. மாநிலச் செயலாளர் ராஃபென்ஸ்பெர்கரை நினைவிருக்கும். 2021 ஜனவரி 2 அன்று டிரம்ப் தொலைபேசியில் அழைத்து 11,780 ஓட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னது இவரிடம்தான். இவரை வீழ்த்த ஜோடி ஹைஸ் என்ற காங்கிரஸ் உறுப்பினரை இறக்கினார்கள். ராஃபென்ஸ்பெர்கர் 52.4 வாங்கி, ரன்ஆஃபே இல்லாமல் தப்பித்தார். நவம்பரில் பீ நுயெனை ஒன்பது சதவீத வித்தியாசத்தில் வென்றார்.

இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது: ஜார்ஜியாவில் கட்சி உறுப்பினர் பதிவு என்பதே கிடையாது. பிரைமரி நாளில் எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். 2020 பிரைமரியில் ஜனநாயகக் கட்சிச் சீட்டு வாங்கிய ஆயிரக்கணக்கானவர்கள் 2022ல் குடியரசுக் கட்சிச் சீட்டு வாங்கினார்கள். ராஃபென்ஸ்பெர்கர் 50ஐத் தாண்டியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

செனட் பிரைமரியில் வாக்கருக்கு எதிராகக் கடுமையான போட்டி இல்லை. டிரம்ப் ஆதரவு, கால்பந்துப் புகழ் இரண்டும் இருந்ததால் சுலபமாக ஜெயித்தார். அங்கே அவரைக் கேள்வி கேட்டு உரசிப் பார்த்திருந்தால், நவம்பரில் கட்சி அடைந்த அதிர்ச்சி மே மாதமே தெரிந்திருக்கும். அந்த ஒரு செனட் போட்டிக்கு இரு தரப்பும் சேர்ந்து செலவழித்தது 40 கோடி டாலருக்கும் மேல்.

ஊரில் தெரிந்தவர்களிடம் பிரைமரிக்குப் போனீர்களா என்று கேட்டால், நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நவம்பரில் தட்டில் வருவதை மே மாதமே சமைத்து முடித்துவிடுகிறார்கள். பிடிக்கவில்லை என்று அப்போது சொல்லிப் பயனில்லை.

#9 கல்யாணி_கம்மிங்

அண்ணா, எங்கள் வீட்டில் ஓட்டுரிமை உள்ளவர்களே இல்லை. எச்1பி, கிரீன் கார்டு வரிசை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். இந்தப் பகுதியில் நிறையத் தமிழ்க் குடும்பங்களில், இங்கே பிறந்த பிள்ளைக்கு அம்மா அப்பாவுக்கு முன்பே ஓட்டுரிமை வந்துவிடும்.

ஆனாலும் தேர்தல் எங்களைத் தொடாமல் போவதில்லை. வரிக் கட்டுகிறோம், பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். எல்லை மாற்றி வரையும்போது எங்கள் தலைகளையும் எண்ணித்தான் வரைகிறார்கள். 2021ல் ஆறாவது காங்கிரஸ் தொகுதியில் ஃபோர்சித், டாசன் கவுண்டிகளைச் சேர்த்துக் குடியரசுக் கட்சித் தொகுதியாக்கினார்கள். அங்கே இருந்த லூசி மெக்பாத் ஏழாவது தொகுதிக்கு மாறி, பிரைமரியில் சொந்தக் கட்சியின் கேரலின் போர்டோவைத் தோற்கடிக்க வேண்டியிருந்தது. ஆறாவதில் ரிச் மெக்கார்மிக் வந்தார். மாநிலத்தின் 14 காங்கிரஸ் இடங்களில் 8க்கு 6 என்று இருந்தது 9க்கு 5 ஆனது. அந்த ஒரு இடத்தை முடிவு செய்தது வரைபடம்.

எல்லாரும் செனட், கவர்னர் என்று பேசுகிறீர்கள். நான் மாநில செனட்டின் 48ஆம் தொகுதியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். 2020ல் அங்கே ஜெயித்தவர் மிஷெல் ஆவ் என்ற மயக்க மருந்து மருத்துவர். தொகுதியை மாற்றி வரைந்ததால் அவர் 2022ல் கீழவையின் 50ஆம் தொகுதியில் நின்றார். அவரை எதிர்த்துக் குடியரசுக் கட்சியில் நின்றவர் நரேந்தர் ரெட்டி, நம் தெலுங்கு நண்பர்கள் பலருக்குத் தெரிந்தவர். ஆவ் ஜெயித்தார். 48ல் குடியரசுக் கட்சியின் ஷான் ஸ்டில் வந்தார். 2020ல் ஜார்ஜியாவை டிரம்பே ஜெயித்தார் என்று சொல்லும் மாற்றுத் தேர்வாளர் பட்டியலில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். 2024ல் அவரை எதிர்த்து நின்றவர் அஸ்வின் ராமசுவாமி, தமிழ்நாட்டிலிருந்து வந்த பெற்றோரின் மகன், ஜான்ஸ் கிரீக்கில் வளர்ந்தவர், தேர்தல் கணினிப் பாதுகாப்பில் வேலை பார்த்தவர். தோற்றார். ஆனால் ஒரு தமிழ்ப் பையன் பெயர் முற்றப் பலகையில் நட்டிருந்ததைப் பார்த்தபோது என் மாமியார் காரை நிறுத்தச் சொல்லிப் படித்தார்.

இந்த மாதிரி தொகுதிகளில் சில ஆயிரம் ஓட்டு போதும். ஓட்டு உள்ளவர்கள் தயவுசெய்து சீட்டின் கீழ்ப்பாதியையும் நிரப்புங்கள்.

#10 அரூர் செல்வம்

நன்றி. இப்போது 2026க்கு யார் யார் களத்தில்? 2022 ஆட்களே திரும்பி வருகிறார்களா?

#11 இளங்கோ_மேக்கன்

பெரும்பாலும் அதே ஆட்கள்தான், செல்வம். ஆனால் நிற்கும் இடம் மாறியிருக்கிறது.

கவர்னர் பதவிக்குக் குடியரசுக் கட்சியில் அட்டர்னி ஜெனரல் கிறிஸ் கார் 2024 நவம்பரிலேயே அறிவித்தார், துணை கவர்னர் பர்ட் ஜோன்ஸும் ராஃபென்ஸ்பெர்கரும் 2025ல் அறிவித்தார்கள். மூவரும் 2022ல் மாநிலம் முழுக்க ஜெயித்தவர்கள். டிரம்ப் ஆதரவு ஜோன்ஸுக்கு. ஜனநாயகக் கட்சியில் அட்லாண்டாவின் முன்னாள் மேயர் கீஷா லான்ஸ் பாட்டம்ஸ், மாநில செனட்டராக இருந்த ஜேசன் எஸ்டீவ்ஸ், மைக்கேல் தர்மண்ட். அதோடு ஜெஃப் டங்கன். 2023 ஜனவரி வரை குடியரசுக் கட்சியின் துணை கவர்னராக இருந்தவர், இப்போது ஜனநாயகக் கட்சிக்கு மாறி அதன் பிரைமரியில் இறங்கினார். 2022ல் முன்கூட்டி வாக்களிக்க வரிசையில் நின்று, வாக்கருக்கும் போட முடியவில்லை, வார்னாக்குக்கும் போட முடியவில்லை என்று திரும்பி வந்தவர் இவர்தான்.

ஆசாஃபை எதிர்க்க கெம்ப் வருவார் என்று கட்சி காத்திருந்தது. 2025 மே மாதம் அவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். காங்கிரஸ் உறுப்பினர்கள் பட்டி கார்ட்டர், மைக் காலின்ஸ், கூடவே கால்பந்துப் பயிற்சியாளராக இருந்த டெரிக் டூலி என்று மூவர் இறங்கினார்கள். கெம்ப் ஆதரவு டூலிக்கு. வாக்கரைக் கல்லூரியில் பயிற்றுவித்த வின்ஸ் டூலியின் மகன் இவர்.

மாநிலச் செயலாளர் பதவிக்கு கேப்ரியல் ஸ்டெர்லிங் இறங்கியிருக்கிறார். 2020 டிசம்பரில், தேர்தல் ஊழியர்களுக்கு வரும் மிரட்டலை நிறுத்துங்கள் என்று டிரம்பைப் பார்த்துக் குரல் உயர்த்திப் பேசிய அதே அதிகாரி. அவருடைய பிரைமரி எனக்கு கவர்னர் போட்டியை விட முக்கியம்.

#12 நிலா_டிகேட்டர்

2025 நவம்பரையும் கணக்கில் எடுங்கள். மின்கட்டணத்தை முடிவு செய்யும் பொதுச்சேவை ஆணையத் தேர்தல் வழக்கு ஒன்றால் 2022ல் சீட்டிலேயே வரவில்லை. மூன்று வருடம் தள்ளிப்போய் 2025ல் நடந்தது. இரண்டு இடங்களையும் ஜனநாயகக் கட்சியின் அலிஷா ஜான்சனும் பீட்டர் ஹப்பர்டும் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அமெரிக்க செனட், ஜனாதிபதி போட்டிகளைத் தவிர்த்துப் பார்த்தால், மாநில அளவிலான பதவி ஒன்றை அந்தக் கட்சி ஜெயித்தது 2006க்குப் பிறகு இதுதான் முதல் முறை. வீட்டுக்கு வரும் மின் பில்தான் அங்கே பிரசாரம் செய்தது.

#13 முத்து_சவானா

அது உண்மை, ஆனால் அன்று சீட்டில் வேறு பெரிய போட்டி இல்லை. நவம்பரில் கூட்டம் வேறு மாதிரி இருக்கும்.

என் கணக்கு இது. ஜோன்ஸ் வந்தால் கெம்பின் மூன்று லட்ச வித்தியாசம் அப்படியே அவருக்குக் கிடைக்காது. 2022லேயே அவர் ஜெயித்தது சுமார் ஐந்து சதவீதத்தில்தான், கெம்புக்கு ஏழரை. கெம்புக்குப் போட்டு ஜோன்ஸை விட்டவர்கள் அன்றே இருந்திருக்கிறார்கள். ராஃபென்ஸ்பெர்கரோ காரோ வந்தால் என் ஓட்டு அங்கே. ஆசாஃப் விஷயத்தில் இன்னும் முடிவு செய்யவில்லை. பிரையன் கவுண்டி ஹூண்டாய் வளாகத்தில் 2025 செப்டம்பரில் குடிவரவு அதிகாரிகள் சோதனை நடத்திக் கொரியத் தொழிலாளர்களைக் கொத்தாகப் பிடித்துப் போனார்கள். அதற்கு எந்த வேட்பாளர் நேராகப் பதில் சொல்கிறார் என்று பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் அது பிழைப்புக் கேள்வி.

#14 வசந்தி ர.

யாருக்குப் போடுவது என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. மே பிரைமரிக்கும் அதன் ரன்ஆஃபுக்கும் எங்களுக்கு ஆள் வேண்டும். 2020க்குப் பிறகு வந்த மிரட்டல்களில் அனுபவமுள்ள பலர் விலகிவிட்டார்கள். குடியுரிமை உள்ள 16 வயதுப் பிள்ளைகளே ஜார்ஜியாவில் வாக்குச்சாவடியில் வேலை செய்யலாம், பயிற்சியும் சம்பளமும் உண்டு. கல்யாணி, உங்களுக்கு ஓட்டு இல்லாவிட்டாலும் வீட்டில் அந்த வயதில் பிள்ளை இருந்தால் கவுண்டித் தேர்தல் அலுவலக வலைத்தளத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். போன முறை எங்கள் சாவடியில் ஆங்கிலம் தடுமாறிய ஒரு பெரியவருக்கு இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று தமிழில் சொன்னது ஒரு பள்ளி மாணவிதான்.

#15 கல்யாணி_கம்மிங்

பெரியவளுக்கு மார்ச்சில் 16 ஆகிறது அக்கா. இன்றைக்கே பார்க்கச் சொல்கிறேன். காலை எத்தனை மணிக்கு வர வேண்டும், கூட்டிக்கொண்டு வந்து விட வேண்டுமா?

#16 வசந்தி ர.

ஏழு மணிக்குக் கதவு திறக்கும், நாங்கள் ஐந்தரைக்கே உள்ளே இருக்க வேண்டும். இரவு ஏழு மணிக்கு வரிசையில் நிற்கிற கடைசி ஆள் வரை போட்டு முடித்துதான் பூட்டுவோம். சாப்பாடு கையோடு கொடுத்து அனுப்புங்கள், வெளியே போக முடியாது.